ஆசான் ஒருவன், மாணாக்கர் மூவர்: ஜேர்மனியின் படைத்துறை உதவியும் அதன் விளைவுகளும்

வளர்ந்துவரும் வல்லரசொன்று வலிமை குன்றிய நாடுகளுக்குப் படைக்கலங்களும் படைப்பயிற்சியும் வழங்குதல் நம் காலத்திற்கே உரிய புதுமை எனப் பலர் கருதுவர். ‘பாதுகாப்பு ஒத்துழைப்பு’ என்னும் தொடர் புதியதாகலாம். அது குறிக்கும் செயல் பழையது. அது நமக்கு அயலான பொருளும் அன்று. 2017, 2018 ஆம் ஆண்டுகளில், இந்தியாவின் கோவாக் கப்பற்றளத்திற் கட்டப்பட்ட சயுரள, சிந்துரள என்னும் கப்பல்கள் இலங்கைக் கடற்படையிற் சேர்ந்தன. அக்காலத்தையொட்டி ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் பழைய கப்பலொன்று வந்தது. 2019 இல் சீனா ஒரு போர்க்கப்பலை நன்கொடையாக அளித்தது. 2025 ஏப்பிரல் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புப் பற்றிய உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன.

இத்தகைய செய்திகளை வகுப்பிற் பேசும் வேளைகளில் மாணவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. “இவை நட்பின் அடையாளங்களா, கடனின் தொடக்கமா?” என்பர். நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு இதற்கு விடை கூறுதல் அரிது. தொடக்கமும் முடிவும் தெரிந்த பழைய நிகழ்ச்சியொன்றை எடுத்து ஆராய்வதே வரலாற்று மாணவனுக்கு ஏற்ற வழியாகும்.

அத்தகைய நிகழ்ச்சியொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே கிடைக்கின்றது. 1882 ஆம் ஆண்டுக்கும் 1885 ஆம் ஆண்டுக்கும் இடையில், உதுமானியப் பேரரசு, யப்பான், சிலி என்னும் மூன்று நாடுகள், ஒன்றையொன்று கலந்துகொள்ளாமலே, ஒரே ஆசானை நாடின. அவ்வாசான் புதிதாய் எழுந்த ஜேர்மனி. கற்பித்த பாடம் ஏறக்குறைய ஒன்றே. விற்ற கருவிகளும் ஏறக்குறைய ஒன்றே. விளைவுகளோ வேறுவேறாயின. ஆசான் ஒருவனாயிருக்க மாணாக்கர் மூவரின் கதி வேறுபட்டதெனின், அவ்வேறுபாட்டின் காரணத்தை மாணாக்கரிடத்தே தேடவேண்டும். அக்காரணத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சியின் வசதிக்காக மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வோம். முதலாவது, படைக்கலத்தையும் குண்டையும் யார் செய்தனர், அவற்றின் விலை எங்கிருந்து வந்தது? இரண்டாவது, வந்த ஆசானுக்குக் கற்பிக்கும் பணி மட்டுமே அளிக்கப்பட்டதா, கட்டளையிடும் அதிகாரமும் அளிக்கப்பட்டதா? மூன்றாவது, பயிற்சி பெற்ற படை யாருக்குக் கணக்குக் கொடுத்தது?

ஆசான்

1870 ஆம் ஆண்டுவரை உலகின் படைகளுக்கு இலக்கணமாய் விளங்கியது பிரெஞ்சுப் படையே. கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் யப்பானிலும் பிரெஞ்சு அதிகாரிகளே பயிற்சியளித்தனர். 1870 செப்தெம்பரில் செடான் களத்திலே பிரெஞ்சுப் பேரரசர் சிறைப்பட்டார். 1871 சனவரி 18 ஆம் நாள் வேர்சேய் அரண்மனையிலே ஜேர்மன் பேரரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. அன்றுதொட்டுப் படைத்துறை மாணாக்கர் பாரிசை விட்டுப் பேர்லினை நோக்கினர்.

ஜேர்மனியின் வெற்றிக்குக் காரணமாய் அமைந்தவை நான்கு. குடிமக்களிடையே கட்டாயப் படைச்சேவை நிலவியமை முதலாவது. அதிகாரிகளைத் தெரிந்து பயிற்றிய பேர்லின் போர்க் கல்லூரி இரண்டாவது. சமாதான காலத்திலேயே போர்த்திட்டங்களையும் புகையிரத நேரசூசிகளையும் வகுத்து வைத்திருந்த படைத் தலைமைப் பணியகம் மூன்றாவது. எசன் நகரத்துக் குரூப் தொழிற்சாலையின் உருக்குப் பீரங்கிகள் நான்காவது. பின்னர் மௌசர் துப்பாக்கியும் இவற்றோடு சேர்ந்தது.

ஜேர்மனி குடியேற்ற நாடுகளைத் தேடுவதிற் பிந்தியே புறப்பட்டது. பிரித்தானியாவும் பிரான்சும் ஆட்சியினாற் பெற்ற செல்வாக்கை அது வேறு வழியாற் பெற முயன்றது. படையதிகாரிகளை ஆசிரியராய் அனுப்புதல் அவ்வழிகளுள் ஒன்று. அவ்வதிகாரிகள் தம்மை அழைத்த நாட்டின் ஊதியத்தையே பெற்றனர். ஆதலின் அனுப்பிய நாட்டுக்குச் செலவு சிறிது. வரவோ பெரிது. ஆசிரியன் தான் பழகிய கருவியையே மாணாக்கனுக்குச் சிபாரிசு செய்வான். ஒரு படை ஒருவகைத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டால், அதன் வாய்க்குப் பொருந்தும் தோட்டா, உதிரி உறுப்பு, திருத்தும் கருவி, பயிற்சி நூல் ஆகிய அனைத்தையும் பல ஆண்டுகளுக்கு அதே இடத்திலிருந்து பெறவேண்டும். இளம் அதிகாரிகள் அந்நாட்டுக்கே சென்று கற்பர். அதன் மொழியைப் பேசுவர். அதன் முறையே சிறந்த முறையென நம்பித் திரும்புவர். பீரங்கியை விற்றவன் அதனோடு ஒரு தலைமுறையின் சிந்தனையையும் தன்பக்கம் ஈர்த்துக்கொள்கிறான்.

யப்பான்

1868 இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபோது யப்பான் தொழில்வளங் குன்றிய வேளாண் நாடாகவே இருந்தது. மேலைநாடுகள் சமத்துவமற்ற உடன்படிக்கைகளை அதன்மீது சுமத்தியிருந்தன. 1873 இல் அது கட்டாயப் படைச்சேவையை ஏற்படுத்தியது. அவ்வாண்டே நிலவரி சீர்திருத்தப்பட்டு, அரசாங்கத்துக்கு நிலையான வருவாய் கிடைத்தது. முதலிலே பிரெஞ்சு ஆசிரியர்களை அமர்த்தியிருந்த யப்பானியர், ஜேர்மனியிற் கற்றுத் திரும்பிய கற்சுரா தாரோ முதலியோரின் தூண்டுதலால் ஜேர்மன் முறைக்கு மாறினர். படை அமைச்சர் ஒயாமா 1884 இல் ஐரோப்பா சென்று ஆசிரியர் ஒருவரை அனுப்புமாறு வேண்டினார். 1885 இல் மேஜர் மெக்கல் என்பார் தோக்கியோ வந்து சேர்ந்தார்.

இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது யப்பானியர் அவரை நடத்திய முறையாகும். மெக்கல் படைக் கல்லூரியிலே பாடஞ் சொன்னார். அதிகாரிகளை நாட்டுப்புறங்களுக்கு அழைத்துச் சென்று நிலத்தை நோக்கிப் போர்த்திட்டம் வகுக்கப் பழக்கினார். ஆலோசனை கேட்டபொழுது கூறினார். ஒரு படைப்பிரிவையேனும் அவர் கட்டளையில் ஒப்படைத்தாரில்லை. மூன்றாண்டுகளின் பின் 1888 இல் அவர் தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே யப்பானியர் பழைய காவற்படை அமைப்பை மாற்றி, களத்திற் செல்லவல்ல படைப்பிரிவுகளை அமைத்தனர். ஆலோசனை அவருடையது; முடிவு தம்முடையதென வைத்துக்கொண்டனர்.

கருவி வகையிலும் அவர்கள் இவ்வாறே ஒழுகினர். முராட்டா என்னும் யப்பானிய அதிகாரி வகுத்த துப்பாக்கியை 1880 ஆம் ஆண்டிலேயே, அஃதாவது மெக்கல் வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, தம் படைக்கு உரியதாக ஏற்றிருந்தனர். தோக்கியோவிலும் ஒசாக்காவிலும் படைக்கலச்சாலைகள் இயங்கின. குரூப் பீரங்கிகளை வாங்காதிருந்தாரல்லர்; வாங்கிய அதே வேளையில் வார்க்கவும் கற்றனர். 1904 இல் ருஷ்யாவோடு பொருதபோது இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பெருங்கடன் பெற்றனர். ஆயினும் கடன் கொடுத்தோர் யப்பானியப் படையை நடத்தவில்லை.

முதல் இரண்டு வினாக்களுக்கும் யப்பான் அளித்த விடை இதுவே. அதன் பயன் 1914 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 23 ஆம் நாள் யப்பான் ஜேர்மனிமீதே போர்ப் பிரகடனஞ் செய்து, சீனக் கரையில் ஜேர்மனியர் வைத்திருந்த சிங்தாவோக் கோட்டையை நவெம்பர் 7 ஆம் நாள் பிரித்தானியப் படையின் துணையோடு கைப்பற்றியது. மாணாக்கன் கற்ற வித்தையை ஆசான்மீதே காட்டினான்.

எனினும் மூன்றாவது வினா எஞ்சி நிற்கின்றது. ஜேர்மன் படைத் தலைமைப் பணியகம் பாராளுமன்றத்துக்கோ அமைச்சரவைக்கோ கணக்குக் கொடாது, நேரே மன்னரையே அணுகியது. அம்முறையையும் யப்பான் பின்பற்றியது. 1878 இல் அங்கு தலைமைப் பணியகம் படை அமைச்சினின்றும் பிரிக்கப்பட்டது. 1889 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு படைத்தலைமையைப் பேரரசருக்கே உரியதாக்கிற்று. 1900 இல் ஏற்பட்ட விதிப்படி சேவையிலிருக்கும் தளபதிகளே படை அமைச்சராகலாம். இதன் பொருள், தளபதிகள் விரும்பாத அமைச்சரவை நிலைக்கமுடியாது என்பதாகும். 1912 இல் இரண்டு புதிய படைப்பிரிவுகளுக்குப் பணம் மறுக்கப்பட்டபோது படை அமைச்சர் பதவி துறந்தார், அவருக்குப் பதிலாக ஒருவரை அளிக்கத் தரைப்படை மறுத்தது, அமைச்சரவை வீழ்ந்தது. 1931 இல் மஞ்சூரியாவில் நின்ற படை, அமைச்சரவையின் அனுமதியின்றியே போரைத் தொடங்கியது. அவ்வழியே சென்ற பயணம் 1945 இல் ஹிரோஷிமாவின் சாம்பலில் முடிந்தது.

இதனோடு நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. யப்பானியத் தரைப்படைக்கு ஜேர்மனி ஆசானாயிருந்ததுபோல், கடற்படைக்குப் பிரித்தானியா ஆசானாயிருந்தது. 1921 இல் சென்ற பிரித்தானியப் பயிற்சிக் குழுவொன்று யப்பானியக் கடற்படையினருக்கு விமானந் தாங்கிக் கப்பலிலிருந்து பறக்கும் வித்தையைக் கற்பித்தது. 1942 ஏப்பிரல் 5 ஆம் நாள் கொழும்பின்மீதும் 9 ஆம் நாள் திருகோணமலைமீதும் குண்டு வீசியவை யப்பானியக் கடற்படையின் விமானங்களே. அந்த 9 ஆம் நாளிலே பிரித்தானியாவின் ஹேமிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பலை அவை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. உதவி வழங்கும் வல்லரசு, தான் கற்பிக்கும் வித்தை இருபது ஆண்டுகளின் பின் எவர் கையில் எவரை நோக்கி நிற்கும் என்பதை அறியாது.

சிலி

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சிலி, 1879 முதல் 1883 வரை பெருவோடும் பொலிவியாவோடும் போர்புரிந்து வென்ற நாடு. வென்ற பின்னரும் அதன் அச்சம் நீங்கவில்லை. தோற்றவர் பழிவாங்கலாம், கிழக்கே ஆர்ஜென்தீனாவோடு எல்லைப் பிணக்கு இருந்தது. ஆதலின் 1885 இல் எமில் கோர்னர் என்னும் ஜேர்மன் கப்டனைச் சிலி அரசாங்கம் ஒப்பந்தஞ் செய்து அழைத்தது. 1886 இல் சந்தியாகோவிலே போர்க் கல்லூரி நிறுவப்பட்டது.

யப்பானில் மெக்கல் வகுப்பறையோடு நின்றார். சிலியிற் கோர்னர் அதனோடு நிற்கவில்லை. 1891 இல் சனாதிபதி பல்மசேதாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் உள்நாட்டுப் போர் மூண்டது. கடற்படை பாராளுமன்றத்தின் பக்கம் சேர்ந்தது. கோர்னரும் அப்பக்கம் சேர்ந்து, வடபுலத்திலே திரட்டப்பட்ட புதிய படைக்குப் பயிற்சியளித்துப் போர்த்திட்டமும் வகுத்தார். ஓகஸ்ட் 21 ஆம் நாள் கொன்கொனிலும் 28 ஆம் நாள் பிளசியாவிலும் சனாதிபதியின் படை முறியடிக்கப்பட்டது. செப்தெம்பர் 19 ஆம் நாள் பல்மசேதா தம்மைத் தாமே சுட்டு மாண்டார். அயல்நாட்டுப் பகைவரை நோக்கி அழைக்கப்பட்ட ஆசான் கற்பித்த வித்தை, முதன்முதலாக அந்நாட்டு மக்களின் மார்பை நோக்கியே பயன்பட்டது.

வெற்றிக்குப் பின் கோர்னர் படைத் தலைமைப் பணியகத்தின் அதிபதியானார். 1895 இல் மேலும் முப்பதுக்கு மேற்பட்ட ஜேர்மன் அதிகாரிகள் வந்தனர். மௌசர் துப்பாக்கிகளும் குரூப் பீரங்கிகளும் வந்தன. 1900 இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் நிறைவேறியது. உடையும் நடையும் ஜேர்மன் முறைக்கு மாறின. ஆண்டுதோறும் செப்தெம்பர் 19 ஆம் நாள் சந்தியாகோவில் நடைபெறும் படை அணிவகுப்பிலே, முழங்காலை மடக்காது காலை உயர்த்தி நடக்கும் ஜேர்மன் நடையை இன்றும் காணலாம். சிலி அதிகாரிகள் பின்னர் எக்குவடோர், கொலம்பியா, எல் சல்வடோர் ஆகிய நாடுகளுக்குச் சென்று தாம் கற்றதைக் கற்பித்தனர். மாணாக்கன் தானே ஆசானானான்.

பண வகையிற் சிலி நற்பேறு பெற்றிருந்தது. போரிற் கைப்பற்றிய வடபாலைவனத்திலிருந்து கிடைத்த நைத்திரேற்று உப்பின் ஏற்றுமதித் தீர்வை அரசாங்க வருவாயில் பெரும்பங்காயிற்று. படைக்கலத்தின் விலையைத் தன் மண்ணின் விளைபொருளாற் கொடுக்கமுடிந்தமையாலும், ஐரோப்பாவினின்றும் தொலைவில் இருந்தமையாலும், 1914 இல் ஜேர்மனியின் போருக்குட் செல்லாது நடுநிலை வகித்தது. ஆனால் அச்செல்வமும் நிலைத்ததன்று. ஆசானின் நாட்டு இரசாயன அறிஞரே செயற்கை முறையில் நைத்திரேற்றுச் செய்யக் கற்றபின் சிலியின் வருவாய் சுருங்கிற்று.

மூன்றாவது வினாவுக்கு விடை சிலியில் மிகக் கசப்பானது. 1907 திசெம்பர் 21 ஆம் நாள், கூலி உயர்வு வேண்டி இக்கிக்கே நகரத்துப் பாடசாலையொன்றிற் கூடியிருந்த நைத்திரேற்றுச் சுரங்கத் தொழிலாளர்மீதும் அவர்தம் குடும்பத்தினர்மீதும் படையினர் சுட்டனர். மாண்டோரின் தொகை இன்றுவரை வரலாற்றாசிரியரிடையே விவாதப் பொருளாயுள்ளது. 1924 செப்தெம்பரில் இளம் அதிகாரிகள் பாராளுமன்ற மேன்மாடத்திலே வாளுறைகளைத் தரையில் மோதி ஓசையெழுப்பி உறுப்பினரை அச்சுறுத்தினர். சில நாட்களிற் சனாதிபதி அலெசாந்திரி நாட்டைவிட்டு நீங்கினார். ஒழுங்கும் பயிற்சியும் மிக்க படை, தன்னை நாட்டின் பணியாளனாகக் கருதாது நாட்டின் காவலனாகவும் நீதிபதியாகவும் கருதத் தொடங்கியதன் விளைவு இது.

உதுமானியப் பேரரசு

மூன்றாவது மாணாக்கனே மிகப் பழையவன். ஜேர்மன் படையின் பெருந்தலைவராய்ப் பின்னர் விளங்கிய மொல்ற்கே, இளம் பிரஷ்ய அதிகாரியாய் 1835 முதல் 1839 வரை சுல்தானின் நாட்டிலிருந்தார். 1839 யூனில் நெசிப் களத்திலே அவர் கூறிய ஆலோசனையைத் துருக்கித் தளபதி கேளாது எகிப்தியரிடந் தோற்றார். 1877 இல் தொடங்கிய போரில் ருஷ்யரிடம் தோல்வியுற்ற பின், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஜேர்மனியிடம் முறைப்படி உதவி வேண்டினார். 1882 இல் ஒரு பயிற்சிக் குழு வந்தது. 1883 இல் அதிற் சேர்ந்த கோல்ற்ஸ் என்பார், பின்னர் அதன் தலைவராகி 1895 வரை பணிபுரிந்தார்.

கோல்ற்ஸ் திறமை வாய்ந்த ஆசிரியர். படைக் கல்லூரிகளைத் திருத்தினார், நூல்களை எழுதுவித்தார், ஒரு தலைமுறை அதிகாரிகளை உருவாக்கினார். ஆயின் சுல்தான் தம் படையையே அஞ்சினார். மெய்க்குண்டுப் பயிற்சிக்கும் பெருங்களப் பயிற்சிக்கும் இடமளிக்கத் தயங்கினார். கல்வி நடந்தது, பழக்கம் குறைந்தது. 1897 இல் கிரேக்கரை வென்றமை படையின் குறைகளை மறைத்தது.

பண நிலையோ இரங்கத்தக்கது. 1875 இல் பேரரசு தன் கடனைச் செலுத்தமுடியாது தவறிற்று. 1881 இல் அமைக்கப்பட்ட பொதுக்கடன் நிருவாக சபை, கடன் கொடுத்த ஐரோப்பியரின் சார்பில், உப்பு, புகையிலை, முத்திரை, மது, மீன், பட்டு முதலியவற்றின் வருவாயைத் தானே திரட்டியது. இந்நிலையிலேதான் 1887 இல் மௌசர் துப்பாக்கிகள் 5 இலட்சத்துக்கும் குறுந்துப்பாக்கிகள் 50,000 இற்கும் கட்டளை கொடுக்கப்பட்டது. கடனைத் தீர்க்கவியலாத நாடு கடனாலேயே படைக்கலம் வாங்கிற்று. 1888 இல் அனத்தோலியப் புகையிரதப் பாதைக்கும் 1903 இல் பக்தாத் பாதைக்கும் ஜேர்மன் வங்கியின் பின்னணியில் உரிமை வழங்கப்பட்டது. கெய்சர் இரண்டாம் வில்லியம் 1889 இலும் 1898 இலும் நேரில் வந்து, இரண்டாம் வருகையின்போது தமஸ்கு நகரிலே தம்மை முஸ்லிம் மக்களின் நண்பரெனக் கூறிக்கொண்டார். படையாசிரியரும் படைக்கலமும் வங்கியும் பாதையும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தமையை இங்குக் காண்க.

1908 இல் புரட்சி செய்து அரசியலமைப்பை மீட்டவர்களும், மறு ஆண்டு சுல்தானை நீக்கியவர்களும், பெரும்பாலும் இக்கல்லூரிகளிற் பயின்ற அதிகாரிகளே. 1912 இல் மூண்ட பால்கன் போரில் பேரரசு ஐரோப்பியப் பகுதிகளில் ஏறக்குறைய அனைத்தையும் இழந்தது. அதன்பின் புதிய ஆட்சியாளர் மீண்டும் ஜேர்மனியை நாடினர். 1913 திசெம்பரில் லீமன் வொன் சாண்டர்ஸ் தலைமையிற் புதிய குழு வந்தது. இம்முறை தலைநகரிலுள்ள படையணியின் கட்டளையே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ருஷ்யா எதிர்த்தமையால், அவருக்கு உயர்பதவி அளித்து, பொதுப் பரிசோதகர் என மாற்றினர்.

ஆட்சியாளர் அறிவிலிகள் அல்லர். ஒரே வல்லரசைச் சார்தலின் ஆபத்தை உணர்ந்திருந்தனர். ஆதலின் தரைப்படைக்கு ஜேர்மனியரையும், கடற்படைக்குப் பிரித்தானியரையும், காவற்படைக்குப் பிரெஞ்சுக்காரரையும் ஆசிரியராக அமர்த்தினர். பலரிடமிருந்து பெறின் ஒருவருக்கும் அடிமையாகோம் என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்கு எவ்வாறு பொய்த்தது என்பதே இவ்வரலாற்றின் மையம்.

பிரித்தானியக் கப்பற்றளங்களிலே உதுமானியக் கடற்படைக்கென இரு பெரும் போர்க்கப்பல்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் விலைக்குப் பொதுமக்களும் நன்கொடை திரட்டிக் கொடுத்திருந்தனர். 1914 ஓகஸ்ட் தொடக்கத்திற் போர் மூண்டதும் பிரித்தானியா அவ்விரண்டையும் தன் கடற்படைக்கென எடுத்துக்கொண்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். ஓகஸ்ட் 2 ஆம் நாள் என்வர் பாஷா முதலியோர் ஜேர்மனியோடு இரகசிய உடன்படிக்கை செய்திருந்தனர். அமைச்சரவையிற் பலருக்கு அது தெரியாது. ஓகஸ்ட் 10 ஆம் நாள், கோயபன், பிரெஸ்லோ என்னும் இரு ஜேர்மன் போர்க்கப்பல்கள் பிரித்தானியரிடந் தப்பித் தார்தனெல்ஸ் நீரிணையுட் புகுந்தன. அவை உதுமானியருக்கு ‘விற்கப்பட்டன’ என அறிவிக்கப்பட்டது. மாலுமிகள் ஜேர்மனியரே, அவர்கள் தலையிற் துருக்கிக் குல்லாய் அணிந்தனர். அவர்களின் தளபதி சூஷோன் உதுமானியக் கடற்படையின் தலைவரானார். ஒக்டோபரில் ஜேர்மனியிலிருந்து பொன்னும் வந்து சேர்ந்தது. அம்மாதம் 29 ஆம் நாள் சூஷோன் கருங்கடலைக் கடந்து ஒடெசா, செவஸ்தபோல் முதலிய ருஷ்யத் துறைமுகங்களைத் தாக்கினார். சில நாட்களுட் பேரரசு போரில் இருந்தது. அமைச்சருட் பலர் அதனை விரும்பாது பதவி துறந்தனர்.

போர் தொடங்கியபின் முதல் வினாவின் வன்மை தெரிந்தது. 1915 இல் கலிப்பொலியை லீமன் வொன் சாண்டர்ஸின் கட்டளையில் உதுமானிய வீரர் ஒப்பற்ற உறுதியோடு காத்தனர். முஸ்தபா கெமால் புகழ் பெற்றது அங்கேதான். ஆனால் அவர்தம் பீரங்கிகளுக்கு வேண்டிய குண்டுகள் ஜேர்மனியிலிருந்து வரவேண்டும். இடையில் சேர்பியா பகைநாடு. ருமேனியா குண்டுகள் செல்ல வழிவிட மறுத்தது. 1915 இன் இறுதியில் சேர்பியா வீழ்ந்தபின்னரே பாதை திறந்தது. பேர்லினுக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் இடையே நேர்ப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1916 சனவரி நடுப்பகுதியில். கலிப்பொலியிலிருந்து பிரித்தானியர் முற்றாக நீங்கியதோ அதே சனவரி 9 ஆம் நாள். மிகக் கடுமையான மாதங்களில் மாணாக்கன் தன் வீரரின் உயிரைக் கொடுத்தே குண்டின் குறையை நிரப்பினான்.

வேறொன்றும் கூறவேண்டும். 1915 இல் ஆர்மேனிய மக்கள் தம் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்டனர். நிகழ்வதை அங்கிருந்த ஜேர்மன் அதிகாரிகளும் தூதுவர்களும் அறிந்து பேர்லினுக்கு எழுதினர். பேர்லின் தன் நேசநாட்டை இழக்க விரும்பவில்லை. படைத்துணை அளிக்கும் வல்லரசு, துணை பெறும் அரசு தன் குடிகளை நடத்தும் முறையைத் தட்டிக் கேட்கும் என நம்பியிருத்தல் பேதைமை என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

முதிர்ந்த வயதிலே மீண்டும் வந்த கோல்ற்ஸ், மெசொப்பொத்தேமியாவிலே ஆறாம் படைக்குத் தலைமை தாங்கி, கூற் நகரில் பிரித்தானிய இந்தியப் படையை முற்றுகையிட்டார். 1916 ஏப்பிரல் 19 ஆம் நாள் பக்தாத்தில் நச்சுக் காய்ச்சலால் மாண்டார். பத்து நாட்களின் பின் கூற் சரணடைந்தது. மாணாக்கன்மீது அவருக்கிருந்த அன்பு உண்மையானது. அது பேரரசைக் காக்கவில்லை. 1918 ஒக்டோபர் 30 ஆம் நாள் முத்ரோசிற் போர்நிறுத்தம் கைச்சாத்தாயிற்று. சில ஆண்டுகளுட் பேரரசே மறைந்தது.

ஒப்புநோக்கு

மூன்று கதைகளையும் சேர்த்து நோக்குவோம். யப்பான் தன் கருவியைத் தானே செய்தது. ஆசானைக் கற்பிப்பவராக மட்டும் வைத்தது. அதனால் ஆசானுக்கு அடிமையாகவில்லை. ஆயின் தன் படைக்கே அடிமையாயிற்று. சிலி விலையைத் தன் பொருளாற் கொடுத்தது. ஆசானுக்கு அதிகாரத்தையும் கொடுத்தது. அதனால் அயலார் போரினின்றும் தப்பிற்று. தன் மக்கள்மீது படை திரும்புவதைத் தடுக்கமுடியவில்லை. உதுமானியப் பேரரசு மூன்று வினாக்களுக்கும் தக்க விடை வைத்திருக்கவில்லை. ஆதலின் ஆசானின் போர் அதன் போராயிற்று. ஆசானின் தோல்வி அதன் அழிவாயிற்று.

பலரிடமிருந்து உதவி பெற்றுச் சமநிலை காக்கலாம் என்னும் கொள்கை இன்று சிறுநாடுகள் பலவற்றுக்கு உவப்பானது. சமாதான காலத்தில் அது பயன்தரும் என்பதை மறுக்கவியலாது. 1914 காட்டுவது யாதெனில், போர் மூளும் நாளிற் கொடுப்பவன் தன் பொருளைத் தனக்கே வைத்துக்கொள்வான் என்பதும், மூவரிடமும் பெற்றவன் அன்று துறைமுகத்தில் எவன் கப்பல் நிற்கின்றதோ அவன் பக்கம் இழுக்கப்படுவான் என்பதுமேயாம்.

போரில் வென்ற நாடுகள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தன. 1919 ஆம் ஆண்டின் வேர்சேய் உடன்படிக்கையின் 179 ஆம் உறுப்புரை, ஜேர்மனி எந்த அயல்நாட்டுக்கும் தரைப்படை, கடற்படை, விமானப்படைப் பயிற்சிக் குழுக்களை அனுப்பலாகாது என விதித்தது. வீரர் தொகையையும் கப்பல்களையும் குறைத்தவர்கள், ஆசிரியர்களையும் தடுக்கவேண்டும் எனக் கண்டனர். படையாசிரியன் எத்துணைப் பெரிய ஆற்றல் என்பதற்கு அப்பகைவரின் சான்றே போதும்.

இதனால் உதவி பெறுதலே தவறு என்பது என் கருத்தன்று. சிறுநாடு தன் கடலைத் தானே காக்கவேண்டின் கப்பல் வேண்டும். கப்பலைக் கட்டும் வலிமை இல்லையெனின் பிறரிடம் பெறவேண்டும். பெறும்போது மூன்று வினாக்களையும் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதே கருத்து. அவற்றுள் முதலிரண்டும் அரசாங்கங்களும் அறிஞரும் கேட்பவையே. மூன்றாவதைக் கேட்கவேண்டியவர் குடிமக்கள். இந்தப் படை யாருக்குக் கணக்குக் கொடுக்கும், இந்தத் துப்பாக்கி எத்திசை நோக்கும் என்னும் வினாவை யப்பானிய மக்களும் சிலி மக்களும் காலத்திற் கேட்க வாய்ப்பின்றிப் போயிற்று.

திருவள்ளுவர் பொருட்பாலிலே படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்து நட்பை வைத்தார். நட்பை அடுத்து நட்பாராய்தலை வைத்தார். தீ நட்பையும் கூடா நட்பையும் அதன்பின் தனித்தனியே விரித்தார். படையைப் பற்றிப் பேசியவர் உடனே நட்பை ஆராயச் சொன்ன அவ்வரிசை முறையின் பொருளை மேற்கூறிய மூன்று நாடுகளின் வரலாறு நமக்கு நன்கு விளக்குகின்றது. வகுப்பிற் கேட்ட மாணவனுக்கு நான் கூறக்கூடிய விடையும் இதுவே. கப்பல் நட்பின் அடையாளமா கடனின் தொடக்கமா என்பதைக் கொடுத்தவனின் சொல் தீர்மானிப்பதில்லை. பெற்ற நாடு தன் பட்டறையையும், தன் பணப்பையையும், தன் படையையும் எவ்வளவு தன் குடிகளின் கைக்குள் வைத்திருக்கின்றது என்பதே தீர்மானிக்கின்றது.